நோயுற்ற குழந்தையும் நாவலாசிரியனும்

அநாதையும் நோயாளியுமாகிய ஒரு குழந்தை அந்நியர் வீட்டிற் புகலடைவதைக் கதையாக எழுதுவது எளிது. அதனை நேர்மையாக எழுதுவது மிக அரிது. குழந்தை, நோய், ஆதரவின்மை ஆகிய மூன்றும் ஒன்றுசேர்ந்துவிட்டால் எழுத்தாளன் அதிகம் சிரமப்படாமலே வாசகரின் கண்ணீரைப் பெற்றுவிடலாம். ஆயின் அக்குழந்தைக்கும் ஒரு மனமுண்டு. அது கடந்து வந்த வாழ்வு கற்பித்த பாடங்களுண்டு. தன்னை ஏற்றுக்கொண்ட வீட்டாருக்கு அது நன்றியையே கைம்மாறாகத் தரும் என்று எந்த நியதியுமில்லை. இவ்வுண்மையை எதிர்கொள்ளத் துணியும் எழுத்தாளர் சிலரே.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் ஐரோப்பிய நாவல் இத்தகைய குழந்தைகளைப் பெருந்தொகையாகப் படைத்தது. தொழிற்புரட்சியும் நகரங்களின் வீக்கமும் வீதியிலெறிந்த பிள்ளைகளை எழுத்தாளர் தம் கண்முன்னே கண்டனர். டிக்கன்ஸ் படைத்த ஸ்மைக்கும், 1840இலும் 1841இலும் தொடர்கதையாக வெளிவந்த நாவலின் நெல் என்னும் சிறுமியும் ஆங்கில வாசகர் உலகையே அழவைத்தனர். நெல்லின் பெயரையும் துயரையும் நினைவூட்டும் இன்னொரு சிறுமி இருபதாண்டுகளின் பின் ருஷ்ய மொழியிலே தோன்றினாள். தொஸ்தோயெவ்ஸ்கி 1861ஆம் ஆண்டில் வெளியிட்ட, ‘அவமதிக்கப்பட்டோரும் துன்புறுத்தப்பட்டோரும்’ என நாம் தமிழிற் கூறக்கூடிய நாவலில் வரும் நெல்லியே அவள். அந்நாவலின் தலைசிறந்த பகுதியும் அவளே. அதன் பெருங்குறை வெளிப்படுமிடமும் அவளே. இவ்விரண்டையும் ஒருங்கே நோக்குவது இன்றைய எழுத்தாளருக்குப் பயன் தருவதாகும்.

நாவல் தோன்றிய சூழலை முதலிற் சுருக்கமாகக் குறிப்பிடுதல் வேண்டும். 1849இற் கைதாகி, மரண தண்டனை மேடைவரை சென்று மீண்டு, சைபீரியச் சிறைவாசத்தையும் கட்டாயப் படைச்சேவையையும் அனுபவித்த தொஸ்தோயெவ்ஸ்கி 1859ஆம் ஆண்டின் இறுதியிலேயே பீற்றர்ஸ்பேர்க் நகருக்குத் திரும்பினார். தம் சகோதரருடன் சேர்ந்து நடத்திய ‘காலம்’ என்ற சஞ்சிகையில் இந்நாவலைத் தொடராக எழுதினார். பண்ணையடிமை முறை ருஷ்யாவிற் சட்டப்படி ஒழிக்கப்பட்டதும் அதே ஆண்டிலேதான். நெல்லியைப் பீடித்த வலிப்பு நோய் அவரையும் பீடித்திருந்தது. எனவே, அந்நோயை அவர் பிறர் சொல்லக் கேட்டு எழுதினாரல்லர்.

கதையில் நெல்லிக்கு வயது பன்னிரண்டோ பதின்மூன்றோ இருக்கும். வல்கோவ்ஸ்கி என்ற பிரபு அவளுடைய தாயை வஞ்சித்து, அவள் தந்தையின் பணத்தையும் கவர்ந்து, இறுதியில் அவளைக் கைவிட்டான். தாய் ஈரம் கசியும் நிலக்கீழ் அறையொன்றிற் காசநோயால் மடிந்தாள். மகளை மன்னிக்க மறுத்த பாட்டன், மனமிரங்கி ஓடிவந்தபோது அவள் இறந்துவிட்டாள். அப்பாட்டனும் இறந்தபின், அவன் இருந்த அறையை இவான் பெத்ரோவிச் என்ற ஏழை எழுத்தாளன் வாடகைக்கு எடுக்கிறான். பாட்டனைத் தேடி அங்கு வரும் நெல்லியை அவன் சந்திப்பதிலிருந்து அவளுடைய கதை விரிகிறது.

நெல்லிக்கு மூன்று புகலிடங்கள் வாய்க்கின்றன. இம்மூன்றையும் அடுத்தடுத்து வைத்து ஆராய்ந்தமையே ஆசிரியரின் சமூக நோக்கிற்குச் சிறந்த சான்றாகும்.

முதலாவது, பூப்னோவா என்பவளின் வீடு. அநாதைப் பிள்ளைக்கு ஆதரவளித்த புண்ணியவதி என அவள் ஊரறியப் பறைசாற்றுகிறாள். வீட்டினுள்ளோ குழந்தையை அடிக்கிறாள். இறுதியில் அவளைப் பணக்காரரின் இச்சைக்கு விற்கவும் முனைகிறாள். முற்றத்தில் அடிபடும்போதே நெல்லி வலிப்பு வந்து வீழ்கிறாள். தருமம் என்ற பெயரில் நடைபெறும் வாணிபம் இங்கே தோலுரித்துக் காட்டப்படுகிறது.

இரண்டாவது, இக்மேனெவ் என்ற முதியவர் அளிக்க முன்வரும் புகலிடம். அவர் நல்லவர்; அதே பிரபுவினால் வழக்கிலிழுக்கப்பட்டுச் சொத்திழந்தவர். அவருடைய மகள் நத்தாஷா பிரபுவின் மகனை விரும்பி வீட்டைவிட்டுச் சென்றுவிட்டாள். மகளைச் சபித்துவிட்டு, வெறுமையான வீட்டை நிரப்புதற்கு ஓர் அநாதைச் சிறுமியை வளர்க்க அவர் விரும்புகிறார். இதிற் கொடுமை இல்லை. ஆனால் ஓர் ஆபத்து உண்டு. குழந்தை தன்பொருட்டு வேண்டப்படாது, இன்னொருத்தி விட்டுச்சென்ற இடத்தை நிரப்பும் பொருளாகவே வேண்டப்படுகிறாள்.

மூன்றாவது, இவானின் அறை. அவனிடம் பணமுமில்லை, உடல்நலமுமில்லை. வைத்தியசாலைக் கட்டிலிற் கிடந்தபடியே தன் கடந்த கால வரலாற்றை அவன் எழுதுகிறான். பிறர் அவளைப் பற்றிப் பேச, அவன் அவளிடம் பேசுகிறான் என்பதே அவனுடைய தகுதி. தன்னைத் தாய் அழைத்த செல்லப் பெயர் நெல்லி என்பதை அவள் அவனிடம் உடனே கூறிவிடவில்லை. எலேனா என்றே முதலிற் சொல்கிறாள். தாய் வைத்த பெயரை ஒப்படைப்பதற்கு முன் அவள் அவனை எடைபோட வேண்டியிருந்தது.

இவ்விடத்திலேதான் தொஸ்தோயெவ்ஸ்கி தம் காலத்துக் கண்ணீர்க் கதைகளைக் கடந்து செல்கிறார். நெல்லி நன்றியுள்ள குழந்தையாக நடந்துகொள்ளவில்லை. நோயிலிருந்து சற்றுத் தேறியதும் துடைப்பத்தை எடுத்து அறையைப் பெருக்குகிறாள். உண்ட சோற்றுக்கு உழைத்துக் கடன் தீர்க்க வேண்டும் என்பதே உலகம் அவளுக்குக் கற்பித்த முதற்பாடம். அன்பு கிடைக்கும்போதெல்லாம் அதன் விலை என்ன என்று அவள் தேடுகிறாள்.

முதிய வைத்தியர் மருந்துப் பொடியை நீரிற் கரைத்து ஊட்ட முயலும் காட்சி உலக இலக்கியத்திற் குழந்தை மனத்தை அறிந்து எழுதிய அரிய பக்கங்களுள் ஒன்று. அவள் கரண்டியைத் தட்டிவிடுகிறாள். அவர் கோபியாது மீண்டும் கரைக்கிறார். மீண்டும் தட்டிவிடுகிறாள். மூன்றாம் முறை மருந்து முழுவதும் அவருடைய முகத்திலும் சட்டையிலும் தெறிக்கிறது. கிழவர் முகத்தைத் துடைத்துக்கொண்டு மறுபடியும் பொடியைக் கரைக்க ஆயத்தமாகிறார். அப்போதே அவள் அழுகிறாள். அடியும் வசையும் வரும் எனக் காத்திருந்த இடத்தில் அவை வாராது போகவே, அவளுடைய உலகக் கணக்கு முழுவதும் தவறிவிடுகிறது. குழந்தைக்கு உண்மையில் மருந்தாக அமைந்தது அந்த நான்காவது முறைக்கான ஆயத்தமே எனலாம்.

இக்மேனெவ் அழைக்க வரும்போது நெல்லி காட்டும் எதிர்ப்பு இதனினும் கூர்மையானது. சொந்த மகளை மன்னிக்க இயலாதவர் அந்நியப் பிள்ளைக்குத் தந்தையாவது எவ்வாறு என்பதே அவளுடைய கேள்வியின் சாரம். தேநீர்க் கோப்பையொன்றை நிலத்தில் வீசி உடைக்கிறாள். எல்லாரிடமும் இரப்பது இழிவன்று, ஒருவரிடமே இரந்து வாழ்வதுதான் இழிவு என்ற கருத்தையும் அவள் வெளியிடுகிறாள். பின்னர் வீட்டைவிட்டு ஓடிப்போய்ப் பாலத்தில் நின்று பிச்சையெடுக்கிறாள். அந்தச் சில்லறைக் காசுகளைக் கொண்டு அவள் வாங்குவது என்ன? உடைத்த கோப்பைக்கு ஈடாக வேறொரு கோப்பை. தயவிற்குக் கடன்பட்டிருக்க விரும்பாத ஏழையின் மானம் இவ்வொரு செயலில் அடங்கிக் கிடக்கிறது. வளர்ப்பவர்களை அடுத்தடுத்து இழந்த குழந்தை புதிய வீட்டைச் சோதித்துப் பார்க்கும், முரண்டு பிடிக்கும், கைவிடப்படுவதற்கு முன் தானே விலகிச் செல்லும் என்பதை இன்று குழந்தை வளர்ப்பு அறிந்தோர் யாவரும் ஒப்புவர். தாயன்பை இழந்த குழந்தைகள் பற்றி ஜோன் போல்பி உலக சுகாதார நிறுவனத்திற்காக எழுதிய புகழ்பெற்ற அறிக்கை 1951இலேதான் வெளிவந்தது. நாவலாசிரியர் தொண்ணூறு ஆண்டுகள் முந்திவிட்டார்.

ஆசிரியரின் பெருமை இதுவென்றால், அவருடைய குறை யாது? இறுதியில் நெல்லி இக்மேனெவ் குடும்பத்தினரிடம் செல்கிறாள். தன் தாயின் கதையைச் சொல்கிறாள். தாமதமாக மன்னித்த பாட்டனின் கதி கிழவரின் நெஞ்சை உடைக்கிறது. தந்தையும் மகளும் ஒன்றுசேர்கின்றனர். ஒரு பிள்ளையை ஏற்கு முன் வீடு தன்னைத் திருத்திக்கொள்ளல் வேண்டும் என்ற உண்மை இங்கே அழகாக நிலைநாட்டப்படுகிறது. ஆனால் இதன்பின் ஆசிரியருக்கு நெல்லியின் தேவை ஏறக்குறைய முடிந்துவிடுகிறது. அவளுடைய இதயநோய் முற்றுகிறது. எல்லாரும் அவளை நேசிக்கின்றனர், அவள் இறக்கிறாள். சிதறிய குடும்பத்தை ஒட்டவைக்கும் பசையாக அவளுடைய துன்பம் பயன்பட்டது. அக்குடும்பத்தில் அவள் வாழ்ந்த நாட்களோ விரைந்து கடக்கப்படுகின்றன. மருந்தைத் தட்டிவிட்ட நெல்லி, கோப்பையை உடைத்த நெல்லி, அந்த வீட்டில் எவ்வாறு பழகினாள், யாருடன் பிணங்கினாள், எப்போது சிரித்தாள் என்பவற்றை நாம் போதியளவு அறிய இயலவில்லை.

சமகால விமர்சகரான தொப்ரல்யூபவ், தமது 25ஆம் வயதில் மறைவதற்குச் சற்று முன்னர், 1861இல் எழுதிய கட்டுரையில் இந்நாவலைக் கலையென்ற வகையிற் குறைவுடையதாகவே மதிப்பிட்டார். ஆயினும் நசுக்கப்பட்ட மனிதரின் தன்மதிப்பு பற்றிய வேதனை இவ்வாசிரியரின் எழுத்துகளிலே துடிப்பதை அவர் மதித்துப் போற்றினார். இரண்டு தீர்ப்புகளும் நெல்லி விடயத்திற் பொருந்துகின்றன. தன்மதிப்பு அவளிடம் இறுதிவரை அழியவில்லை. மரணப் படுக்கையிலும் தன்னைப் பெற்ற பிரபுவை அவள் மன்னிக்கவில்லை. மன்னிக்குமாறு போதிக்கும் வேதத்தை வாசித்திருந்தும் மன்னிக்கவில்லை என்பதை அவனுக்குத் தெரிவிக்கும்படி இவானிடம் கூறுகிறாள். நொந்தவர் நொந்தவரை மன்னிக்கலாம். நோகச் செய்தவனை மன்னிக்கும் கடமையை நொந்தவர்மீது சுமத்தலாகாது என்னும் தெளிவு அவளிடம் உண்டு. கதையின் அமைப்பு அவளைக் கருவியாக்கியபோதும் அவள் முற்றாகக் கருவியாகிவிடவில்லை.

அக்காலத்தில் அத்தகைய குழந்தைகள் இறந்தனர், நாவலாசிரியன் பொய்யா எழுதுவது என்று சிலர் வினவலாம். வினா நியாயமானதே. வலிப்புக்குப் பொற்றாசியம் புரோமைட்டு பயன்படும் என்பதே 1857இலேதான் தெரியவந்தது. பினோபாபிற்றல் 1912இலேயே பயன்பாட்டுக்கு வந்தது. தொஸ்தோயெவ்ஸ்கியின் சொந்த மகனே 1878இல் மூன்று வயது நிரம்பாத நிலையில் வலிப்பினால் மாண்டான். ஆகவே நெல்லி இறந்ததை நாம் குறைகூறவில்லை. அவள் வாழ்ந்ததை எழுதாமல் விட்டதையே குறைகூறுகின்றோம்.

அன்று மருத்துவத்தின் வறுமை ஒரு சமாதானமாக இருந்தது. இன்று அச்சமாதானமும் இல்லை. உலகில் ஏறத்தாழ 5 கோடி மக்கள் வலிப்பு நோயுடன் வாழ்கின்றனர் எனவும், உரிய முறையில் நோயறிந்து சிகிச்சையளித்தால் அவர்களுள் 70 சதவீதம் வரையினர் வலிப்பின்றி வாழமுடியும் எனவும் உலக சுகாதார நிறுவனம் கூறுகிறது. வருமானம் குறைந்த நாடுகளிலோ நோயாளருள் முக்காற்பங்கினர் வேண்டிய சிகிச்சையைப் பெறுவதில்லை. இன்று அக்குழந்தைகளின் எதிரி பெரும்பாலும் விதியன்று. கிடைக்காத மருந்தும், அறியாமையும், நோயைச் சாபமென்று ஒதுக்கும் மனிதருமே.

இவ்வுண்மை எழுத்தாளர்மீது ஒரு பொறுப்பைச் சுமத்துகிறது. நோயுற்ற தத்துப்பிள்ளையைக் கடைசிப் பக்கத்திற் கொன்று வாசகரை அழவைக்கும் கதை, அப்பிள்ளைக்கு வேண்டியது பரிதாபமே எனும் பொய்யைப் பரப்புகிறது. அழுது முடித்த வாசகர் தம் கடமை தீர்ந்ததென்று எண்ணிப் புத்தகத்தை மூடிவிடுகிறார். அப்பிள்ளைக்கு வேண்டியன வேறு. காலையும் மாலையும் தவறாது கொடுக்கப்படும் மருந்து வேண்டும்; மாதந்தோறும் வைத்தியசாலைக்குச் செல்லப் பேருந்துக் காசு வேண்டும்; வலிப்பு வந்தாற் பதறாது பக்கவாட்டிற் சரித்துக் கிடத்தத் தெரிந்த ஆசிரியர் வேண்டும்; உடைத்த கோப்பையின் விலையைக் கேளாத வீடு வேண்டும். மகவேற்பு என்று சட்டம் கூறுவது ஒரு நாளில் நிறைவேறிவிடுகிறது. பிள்ளை அவ்வீட்டைத் தன் வீடென்று ஏற்பதோ ஆயிரம் சிறிய நாட்களின் வேலை. அந்த நாட்களில் நாடகமில்லை என்று எண்ணுவது தவறு. மருந்துக் கரண்டியைச் சுற்றியே எத்துணை பெரிய நாடகம் நிகழக்கூடும் என்பதை அம்முதிய வைத்தியரைப் படைத்தவரே நமக்குக் காட்டியுள்ளார்.

தொஸ்தோயெவ்ஸ்கி தொடக்கி வைத்து இடையில் விட்ட இப்பணியை முற்போக்கு எழுத்தாளர் மேற்கொள்ளல் வேண்டும். நெல்லியின் மரணம் 1861இல் எழுதப்பட்டுவிட்டது. அவளுடைய வாழ்க்கை இன்னும் எழுதப்படவில்லை.