ஓசூர் மெட்ரோ: வோல்ட்டேஜ் மேல பழி போடலாமா?

ஓசூர் மெட்ரோ செய்திகளைத் தொடர்ந்து படிச்சவங்களுக்கு மின்பொறியியலில் ஒரு பாடம் இலவசமாகக் கிடைத்திருக்கும். பொம்மசந்திராவிலிருந்து ஓசூர் வரை சுமார் 23 கிலோமீட்டர். சாத்தியக்கூறு ஆய்வை நடத்தியது சென்னை மெட்ரோ நிறுவனம், மதிப்பீடு சுமார் 6,900 கோடி ரூபாய். 2025 ஆகஸ்டில் ஆர்.வி. ரோடு – பொம்மசந்திரா மஞ்சள் தடம் திறந்ததும், ‘இன்னும் கொஞ்ச தூரம்தானே’ என்ற ஆசை இங்கே கூடிப்போச்சு. அப்புறம் பெங்களூரு மெட்ரோ தரப்பு கையை விரித்தது. மஞ்சள் தடம் தண்டவாளத்தின் பக்கத்திலேயே ஓடும் மூன்றாவது தண்டிலிருந்து 750 வோல்ட் டி.சி. எடுக்கிறது. ஓசூர் தடத்துக்குத் திட்டமிட்டது தலைக்கு மேலே கம்பி, 25,000 வோல்ட் ஏ.சி. ஆகவே இணைக்க முடியாது என்றார்கள்.

தகவல் சரி. ‘ஆகவே’தான் இடிக்குது.

லண்டனில் தேம்ஸ்லிங்க் ரயில்கள் 1988 முதல் இதே இரண்டு மின்சாரத்திலும் ஓடுகின்றன. நகரத்துக்குத் தெற்கே 750 வோல்ட் டி.சி., வடக்கே 25,000 வோல்ட் ஏ.சி. நடுவில் ஸ்டேஷனில் நிற்கும்போதே மாற்றிக்கொள்கிறார்கள். மும்பை புறநகர் ரயிலும் 1,500 வோல்ட் டி.சி.யிலிருந்து ஏ.சி.க்கு மாறிய வருஷங்களில் இரண்டிலும் ஓடும் வண்டிகளை வைத்துத்தான் சமாளித்தது. செலவு கூடும், ஒத்துக்கறேன். ஆனா அந்த வண்டிகூட இங்கே அவசியமில்லை. மஞ்சள் தடத்தில் மெஜஸ்டிக் போகிறவர் இன்றைக்கும் ஆர்.வி. ரோட்டில் இறங்கி பச்சைத் தடத்துக்கு மாறித்தான் போகிறார். பொம்மசந்திராவில் எதிர் பிளாட்பாரத்துக்கு மாற முடிந்தால் போதும். ரயில் எல்லை தாண்டணும்னு இல்லை, ஆள் தாண்டினால் சரி.

யார் பணம் போடுவது, யார் ஓட்டுவது, டிக்கெட் காசு யாருக்கு என்பதுதான் உண்மையான முட்டுக்கட்டை. தொழிற்சாலைகள் ஓசூர் பக்கம் போய்விடும் என்ற பயத்தைக் கர்நாடகத்தில் சிலர் வெளிப்படையாகவே சொன்னார்கள். டெல்லி – மீரட் அதிவேக ரயிலுக்கு முதலில் அமைத்தது ஒரு கூட்டு நிறுவனம்: மத்திய அரசுக்கு 50 சதவீதம், டெல்லி, ஹரியானா, ராஜஸ்தான், உத்தரப்பிரதேசத்துக்குத் தலா 12.5. அந்த மாதிரி ஒரு அமைப்பு இல்லாமல் வோல்ட்டேஜ் பேசுவது, இரண்டு கம்பெனிக்கும் ஒப்பந்தமே ஆகாதபோது ஏ.பி.ஐ. வெர்ஷனுக்கு சண்டை போடுற மாதிரி.

இன்னொரு விஷயம்தான் எனக்குப் பெரிய ஆதங்கம். எல்லைப் பிரச்சினையே இல்லாத ஒரு தடம் ஏற்கெனவே இருக்கு. பெங்களூரு – சேலம் ரயில் பாதை. ஓசூர் ஸ்டேஷன் தமிழ்நாட்டில் இருந்தாலும் தென்மேற்கு ரயில்வேயின் பெங்களூரு கோட்டத்துக்குள்தான் வருது. ஒரே முதலாளி, ஒரே மின்சாரம். பையப்பனஹள்ளி – ஓசூர் 48 கிலோமீட்டர் இரட்டைப் பாதைக்குப் போட்ட மதிப்பீடு சுமார் 500 கோடி. மெட்ரோவோடு அதை நேராக ஒப்பிடக் கூடாதுதான். அதில் புது வண்டியும் இல்லை, உயர்மட்டப் பாதையும் இல்லை. ஆனாலும் கிலோமீட்டருக்கு 10 கோடி எங்கே, 300 கோடி எங்கே!

2020-ல் ஒப்புதல் பெற்ற பெங்களூரு புறநகர் ரயில் திட்டத்தின் கனகா தடம் ஹீலலிகேயிலேயே நின்றுவிடுகிறது. அடுத்து ஆனேக்கல் ரோடு, அதற்கடுத்து ஓசூர். ஓசூர் வரை நீட்டிக்க ஆய்வு செய்யலாமா என்று கே-ரைட் கேட்டபோது ரயில்வே ஒத்துக்கொள்ளவில்லை. மெட்ரோவுக்காக வந்த அறிக்கைகளில் பாதியாவது நம்ம தலைவர்கள் இதுக்கு விட்டிருக்கலாம்.

ரயிலுக்கும் குறை உண்டு. அது எலக்ட்ரானிக் சிட்டிக்குள்ளோ சில்க் போர்டுக்கோ போகாது. கார்மேலாரம், பெல்லந்தூர் ரோடு வழியாகச் சுற்றும். சர்ஜாபூர் ரோடு ஆபீஸ்காரர்களுக்கு அது வசதி, மற்றவர்களுக்கு இல்லை.

ஆனா ஓசூர் போக்குவரத்து என்றால் பெங்களூருக்குப் போகும் ஐ.டி. ஆட்கள் மட்டுமா? டி.வி.எஸ்., அசோக் லேலண்ட், டைட்டன், அதைச் சுற்றிய நூற்றுக்கணக்கான சின்னப் பட்டறைகள், இங்கேயெல்லாம் ஷிஃப்டுக்கு வருகிறவர்கள் தெற்கிலிருந்தும் வர்றாங்க. கெலமங்கலம், ராயக்கோட்டை, மாரண்டஅள்ளி, பாலக்கோடு, தருமபுரி என எல்லா ஊரும் அதே பாதையில் வரிசையாக இருக்கு. மெட்ரோ வந்தாலும் அவர்களுக்கு அதில் ஒரு ஸ்டேஷன்கூடக் கிடையாது. காலை ஆறு மணி ஷிஃப்டுக்கு ஓசூர் வந்து சேர்கிற மாதிரி தருமபுரியிலிருந்து ஒரு மெமு, ஸ்டேஷன் வாசலில் சிப்காட்டுக்கு ஒரு டவுன் பஸ். இதுக்கு எந்த மாநிலத்தோடும் பேச்சுவார்த்தை வேண்டாம்.

கிருஷ்ணகிரிக்கு இதுவும் பயன்படாது. 1905-லேயே திருப்பத்தூரிலிருந்து அங்கே குறுகிய பாதை ரயில் ஓடியது, பஞ்ச நிவாரணத்துக்காகப் போட்டது. அதைப் பிடுங்கிப் போட்டு எண்பது வருஷத்துக்கு மேல ஆச்சு. மாவட்டத் தலைநகருக்கு இன்னும் ரயில் வரலை.