மெஷின் மட்டும்தான் இலவசம்

சிறு கடைக்காரர் கிரெடிட் கார்டு வாங்க மறுப்பது வரிக்குப் பயந்துதான் என்று பொருளாதாரப் பத்திகளில் எழுதி எழுதி, அது இப்போது விவாதமே தேவைப்படாத உண்மை மாதிரி ஆகிவிட்டது. கூடவே ஒரு பாராட்டும் வருகிறது. வங்கிகளும் புதிய பணப் பரிவர்த்தனை நிறுவனங்களும் கடை வாசலுக்கே வந்து மெஷின் கொடுக்கின்றன, காகிதம் கிடையாது, அலைச்சல் கிடையாது, இதற்கு மேலும் மறுக்கிறவரிடம் ஏதோ கோளாறு இருக்க வேண்டும் என்பது அந்தப் பாராட்டின் உட்பொருள். கோளாறு கடைக்காரரிடம் இல்லை என்பது என் கட்சி.

வரி பயம்தான் காரணம் என்றால் யுபிஐ இந்த அளவுக்குப் பரவியிருக்கவே முடியாது. பூக்காரம்மாவின் கூடையில்கூட கியூஆர் அட்டை தொங்குகிறது. அதில் வரும் ஒவ்வொரு ரூபாயும் வங்கிக் கணக்கில், தேதியோடும் நேரத்தோடும் பதிவாகிறது. கணக்கை மறைக்க நினைப்பவர் செய்கிற காரியமா இது? 2025 ஜூலையில் பெங்களூரில் யுபிஐ வரவை வைத்து வணிகவரித் துறை நோட்டீஸ் அனுப்பியபோது, சிறு கடைகளில் ‘யுபிஐ கிடையாது’ என்று எழுதி ஒட்டினார்கள் என்பது உண்மை. பயம் இல்லை என்று நானும் சொல்லவில்லை. ஆனால் அதற்கு முன் பல ஆண்டுகள் அதே கடைகள் அதே வழியில் பணம் வாங்கிக்கொண்டுதான் இருந்தன. கியூஆரை முகப்பில் ஒட்டிய அதே கை கார்டு மெஷினை மட்டும் கல்லாவுக்கு அடியில் வைத்திருக்கிறது. இரண்டும் கணக்கில் ஏறுகிற பணம்தான். யுபிஐக்கும் ரூபே டெபிட் கார்டுக்கும் 2020 ஜனவரி 1 முதல் வணிகரிடம் கட்டணம் பிடிக்கக் கூடாது என்று அரசு சட்டமே போட்டுவிட்டது. கிரெடிட் கார்டுக்குக் கட்டணம் உண்டு. வேறுபாடு அங்கேதான் இருக்கிறது.

இந்த ஏற்பாட்டின் நல்ல பக்கத்தைச் சொல்லிவிடுகிறேன். முன்பு கார்டு மெஷின் வேண்டுமென்றால் வங்கியில் நடப்புக் கணக்கு, மேலாளரின் தயவு, வாரக்கணக்கில் நடை எல்லாம் வேண்டும். இப்போது பான், ஜிஎஸ்டி அல்லது உத்யம் பதிவு, ரத்து செய்த காசோலை, கடையின் புகைப்படம் போதும். சிற்றூர்களில் மெஷின் வைப்பதற்கான செலவில் ஒரு பகுதியை ஏற்க ரிசர்வ் வங்கி 2021 ஜனவரியில் ஒரு நிதியத்தையே தொடங்கியது. ஆவணம் கேட்பதிலும் தவறில்லை. பணத்தை வாங்கிக்கொண்டு கடைக்காரர் மறைந்துபோனால், வாடிக்கையாளர் முறையிட்டதும் பணத்தைத் திருப்பித் தர வேண்டியது மெஷின் கொடுத்த வங்கி. சரக்கே விற்காமல் கார்டைத் தேய்த்து ரொக்கம் கொடுக்கும் தொழில் செய்கிறவர்களும் இருக்கிறார்கள். கட்டணம் வாங்குவதுகூட நியாயம்தான். கணக்கு நோட்டில் எழுதிக் கடன் கொடுத்தால் வாராக்கடன் கடைக்காரர் தலையில் விழும். கார்டில் கொடுத்தால் அந்தச் சுமை கார்டு கொடுத்த வங்கியுடையது. அதற்கு ஒரு விலை உண்டு.

அந்த விலையைச் சொல்லாமல் விற்கிறார்கள் என்பதுதான் என் ஆட்சேபம். பல வருஷமாக இதையே சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

மெஷின் வரும் நாளை எடுத்துக்கொள்ளுங்கள். விற்பனைப் பிரதிநிதி மத்தியான வியாபாரம் ஓய்ந்த நேரமாகப் பார்த்து வருகிறார். ‘மெஷின் ஃப்ரீ அண்ணாச்சி, டெபிட்டுக்கு ஒண்ணும் பெரிசா இருக்காது, கிரெடிட்டுக்கு ரெண்டு பர்சென்ட்கிட்ட வரும்’ என்கிறார். அந்த ‘கிட்ட’ என்ற சொல்லில்தான் ஒப்பந்தம் முழுவதும் அடங்கியிருக்கிறது. கைபேசிக்கு ஓடிபி வருகிறது. கடைக்காரர் எண்களைச் சொல்கிறார். ஆங்கிலத்தில் பல பக்கங்கள் நீளும் நிபந்தனைகளுக்கு அவர் சம்மதித்தாயிற்று. கட்டண அட்டவணை அதில் ஏதோ ஓர் இணைப்பாக இருக்கிறது. பிரதிநிதி பொய் சொன்னார் என்று சொல்ல முடியாது. அவருக்கும் முழுதாகத் தெரியாது. மாதத்துக்கு இத்தனை மெஷின் வைக்க வேண்டும் என்பது மட்டும் அவருக்குத் தெரியும்.

உண்மையில் அது ஒரே விகிதமும் அல்ல. எம்டிஆர் என்று தொழிலில் சொல்லப்படும் இந்தக் கழிவில் மூன்று பேருக்குப் பங்கு உண்டு. பெரும்பங்கு வாடிக்கையாளருக்குக் கார்டு கொடுத்த வங்கிக்கு, ஒரு சிறு பங்கு விசா, மாஸ்டர்கார்டு, ரூபே போன்ற வலையமைப்புக்கு, மீதி மெஷின் கொடுத்த தரப்புக்கு. முதல் பங்கு கார்டுக்குக் கார்டு மாறும். சாதாரண கார்டுக்கு ஒன்று, விமான நிலைய ஓய்வறையும் பரிசுப் புள்ளியும் தரும் உயர்ரக கார்டுக்கு ஒன்று, கம்பெனிகள் ஊழியருக்குக் கொடுக்கும் கார்டுக்கு ஒன்று, வெளிநாட்டுக் கார்டுக்கு இன்னொன்று. கடை எந்த வகைத் தொழில் என்று பதிவின்போது போடப்படும் நான்கு இலக்கக் குறியீட்டைப் பொறுத்தும் மாறலாம். டெபிட் கார்டுக்காவது உச்சவரம்பு உண்டு. ரிசர்வ் வங்கியின் உத்தரவுப்படி 2018 ஜனவரி முதல், ஆண்டு விற்றுமுதல் 20 லட்சம் ரூபாய் வரை உள்ளவருக்கு 0.40 சதவீதம், ஒரு பரிவர்த்தனைக்கு 200 ரூபாய்க்கு மேல் போகக் கூடாது. மற்றவர்களுக்கு 0.90 சதவீதம், 1000 ரூபாய் உச்சம். கிரெடிட் கார்டுக்கு இப்படி எந்த வரம்பும் இல்லை. ஆக, ஒரே மெஷினில் பூஜ்யத்தில் தொடங்கி எங்கேயோ போய் நிற்கும் பல விலைகள். நீட்டப்படும் கார்டைப் பார்த்து அதற்கு எது என்று கல்லாவில் இருப்பவரால் சொல்ல முடியாது.

இது வெறும் தகவல் குறை என்று நினைப்பவர்கள் ஒரு சின்னக் கணக்குப் போட்டுப் பார்க்கலாம். 10,000 ரூபாய்க்கு ஒரு செல்போன் விற்கிறது. லாபம் 5 சதவீதம், அதாவது 500 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். கழிவு 1.8 சதவீதம் என்றால் 180 ரூபாய். கார்டுத் தொகை 2000 ரூபாய் வரை என்றால் இந்தக் கழிவின் மேல் ஜிஎஸ்டி கிடையாது. அதற்கு மேல் போனால் கழிவின் மேல் 18 சதவீதம், 32 ரூபாய் 40 காசு. மொத்தம் 212 ரூபாய் 40 காசு. லாபத்தில் நூற்றுக்கு நாற்பதுக்கு மேல் போய்விட்டது. ஜிஎஸ்டியில் முழுமையாகப் பதிந்த பெரிய கடை அந்த 32 ரூபாயை உள்ளீட்டு வரியாகத் திரும்ப எடுத்துக்கொள்ளும். காம்போசிஷன் திட்டத்தில் இருக்கும் சின்னக் கடைக்காரருக்கு அந்த வசதி இல்லை. போதாததற்கு, விற்றதில் 1 சதவீத வரி, 100 ரூபாய், அவர் தன் லாபத்திலிருந்துதான் கட்ட வேண்டும். கையில் நிற்பது 187 ரூபாய் 60 காசு. அதிலிருந்துதான் வாடகை, கரண்ட் பில், கடைப் பையனின் சம்பளம். ஜவுளிக்கடைக்கோ அழகு நிலையத்துக்கோ இதே 1.8 சதவீதம் ஒரு பொருட்டில்லை, அங்கே லாபம் அகலமானது. லாபம் மெலிந்த கடைக்குத்தான் விகிதம் துல்லியமாகத் தெரிய வேண்டும். பேரம் பேசிக் குறைத்து வாங்குவது பெரிய கடை. இந்தக் கடைக்கு வாய்மொழியாக ஒரு ‘கிட்ட’.

கார்டைத் தேய்த்த பிறகாவது விகிதம் தெரியுமா என்றால், மறுநாள் பணம் மொத்தமாகக் கணக்கில் விழுகிறது, கழிவு போக மீதி. எந்த விற்பனைக்கு எவ்வளவு பிடித்தார்கள் என்பது செயலிக்குள் எங்கேயோ இருக்கிறது. ராத்திரி பத்து மணிக்குக் கடை சாத்துகிறவர் அதைத் தேடிப் பார்ப்பார் என்று எதிர்பார்ப்பவர் கடை நடத்தியவராக இருக்க முடியாது. சில மாதம் கழித்து இன்னொரு கழிவு தலைகாட்டும். அது மெஷின் வாடகை. ‘ஃப்ரீ’ என்றது, மாதம் குறிப்பிட்ட தொகைக்கு மேல் கார்டில் வியாபாரம் நடந்தால்தான் என்ற நிபந்தனையோடு. அந்த நிபந்தனையை அப்போதுதான் அவர் முதன்முறையாகக் கேள்விப்படுகிறார். மெஷினைத் திருப்பிக் கொடுக்கலாம் என்று கூப்பிட்டால் வைத்துவிட்டுப் போனவர் வேறு வேலைக்குப் போயிருப்பார். கால்சென்டர் ஒரு புகார் எண் கொடுக்கும். வாடகை அடுத்த மாதமும் தானாகப் பிடிக்கப்படும். கடைகளில் பேச்சுக் கொடுத்துப் பாருங்கள், நிறுவனப் பெயர் மாறும், கதை மாறாது.

இந்த அறியாமையின் விளைவை நாமெல்லாரும் அனுபவிக்கிறோம். ‘கார்டுன்னா ரெண்டு பர்சென்ட் எக்ஸ்ட்ரா சார்.’ கடைக்காரர் கொள்ளையடிக்கிறார் என்று வாடிக்கையாளர் கொதிக்கிறார். கழிவை வாடிக்கையாளர் தலையில் கட்டக் கூடாது என்று டெபிட் கார்டுக்கு ரிசர்வ் வங்கி 2017 டிசம்பர் உத்தரவில் சொல்லியிருக்கிறது. அதைக் கடைகள் கடைப்பிடிக்குமாறு பார்த்துக்கொள்ள வேண்டிய பொறுப்பை வங்கிகளிடம் கொடுத்தது. வங்கிகள் அதைக் கடைக்காரரிடம் சொன்னதாகத் தெரியவில்லை. அதனால் ஒரு பைசாவும் பிடிக்கப்படாத ரூபே டெபிட் கார்டை நீட்டினாலும் அதே இரண்டு சதவீதம் கேட்கிறார்கள். தவறுதான். ஆனால் தன்னிடம் என்ன பிடிக்கிறார்கள் என்று தெரியாதவர், தெரிந்த ஒரே எண்ணை எல்லோர் தலையிலும் போடாமல் வேறென்ன செய்வார்? இதில் கடைக்காரரின் பேராசையைத் தேடுபவர்களுக்கு நான் சொல்வது சப்பைக்கட்டாகத் தோன்றலாம். தோன்றட்டும்.

இப்போது கார்டு, கியூஆர் அட்டைக்குள்ளும் நுழைந்துவிட்டது. 2022 செப்டம்பர் முதல் ரூபே கிரெடிட் கார்டை யுபிஐயில் இணைத்துக்கொள்ளலாம். சிறு வணிகருக்கு 2000 ரூபாய் வரை கட்டணம் இல்லை. அதற்கு மேல் கிரெடிட் கார்டுக்கான கழிவு உண்டு. வாடிக்கையாளர் எப்போதும்போல் ஸ்கேன் செய்கிறார். அவர் கணக்கிலிருந்து தருகிறாரா கார்டிலிருந்து தருகிறாரா என்று கடைக்காரருக்குத் தெரிவதில்லை. ஸ்பீக்கர் பெட்டி அவர் கொடுத்த முழுத் தொகையைக் கணீரென்று சொல்கிறது. கணக்கில் ஏறுவது குறைந்து ஏறுகிறது. கட்டணமே இல்லை என்ற நம்பிக்கையில் ஒட்டிய அட்டை அது. கார்டு மெஷினிலாவது கழிவு உண்டு என்ற எச்சரிக்கை மனத்தில் இருந்தது.

போட்டி வளர்ந்தால் எல்லாம் சரியாகிவிடும் என்பது இந்தத் துறையின் நிரந்தரப் பதில். பிரிட்டனில் அதைச் சோதித்துப் பார்த்தாயிற்று. ஐரோப்பிய ஒன்றியம் 2015இல், கார்டு கொடுத்த வங்கி எடுக்கும் பங்குக்கு டெபிட்டில் 0.2, கிரெடிட்டில் 0.3 சதவீதம் என்று உச்சம் வைத்தது. அப்போது பிரிட்டன் அதில் உறுப்பினர். மெஷின் கொடுக்கும் நிறுவனங்கள் அங்கே ஏராளம், போட்டிக்குக் குறைவே இல்லை. 2021 நவம்பரில் அந்நாட்டுப் பணப் பரிவர்த்தனை ஒழுங்காற்று அமைப்பு வெளியிட்ட ஆய்வில், அந்தக் குறைப்பின் பலன் சிறு வணிகரிடம் அநேகமாகப் போய்ச் சேரவே இல்லை என்று தெரிந்தது. விலைகளை ஒப்பிட்டுப் பார்க்க வழியில்லாததும், மெஷின் குத்தகை ஆண்டுக்கணக்கில் கட்டிப்போட்டதும் காரணம் என்று அது கண்டது. மறு ஆண்டு அந்த அமைப்பு பிறப்பித்த உத்தரவுகளில் கட்டணக் குறைப்பு இல்லை. ஒவ்வொரு வணிகருக்கும் அவர் கொடுக்கும் விலையை ஒரே பெட்டிக்குள் சுருக்கிக் காட்ட வேண்டும், ஒப்பந்தம் முடியும் காலத்தை நினைவூட்ட வேண்டும், மெஷின் குத்தகை 18 மாதத்துக்கு மேல் போகக் கூடாது. விலை தெரியாத சந்தையில் போட்டி என்பது கண்ணைக் கட்டிக்கொண்டு மாடு பிடிக்கிற கதை.

இங்கே அதைச் செய்ய ரிசர்வ் வங்கிக்குப் புதிதாக எதையும் கண்டுபிடிக்க வேண்டியதில்லை. 2024 அக்டோபர் 1 முதல் சில்லறைக் கடன், சிறு தொழில்களுக்கான காலக்கடன் எதைக் கொடுத்தாலும், எல்லாக் கட்டணங்களும் சேர்ந்த உண்மையான ஆண்டு வட்டியோடு முக்கிய விவரங்களைத் தொகுத்து, கடன் வாங்குபவருக்குப் புரியும் மொழியில் எழுதிக் கொடுக்க வேண்டும் என்று அதுவே விதித்திருக்கிறது. ஒருமுறை வாங்கித் தவணையில் அடைக்கும் கடனுக்கு இவ்வளவு பாதுகாப்பு. தினமும் விற்பனையில் பங்கு எடுக்கும் ஒப்பந்தத்துக்கு ஓர் ஓடிபி போதும் என்றிருப்பதற்கு எனக்கு ஒரு நியாயமும் தெரியவில்லை. கடன் தாளை எழுதத் தெரிந்த வங்கிக்கு மெஷின் தாளை எழுதத் தெரியாதா?

மே 5 வணிகர் தின மாநாடுகளில் ஆன்லைன் வர்த்தகத்துக்கும் சூப்பர் மார்க்கெட்டுகளுக்கும் எதிராகத் தீர்மானம் போடும் சங்கங்கள் அடுத்த முறை இதையும் ஒரு தீர்மானமாகச் சேர்க்கட்டும். டெபிட்டுக்கு எவ்வளவு, சாதாரண கிரெடிட்டுக்கு எவ்வளவு, உயர்ரக, கம்பெனி, வெளிநாட்டுக் கார்டுகளுக்கு எவ்வளவு, யுபிஐ வழியாக வரும் கிரெடிட்டுக்கு எவ்வளவு, எந்த மாதத்திலிருந்து என்ன வாடகை, மெஷினைத் திருப்பிக் கொடுக்க யாரிடம் போக வேண்டும் என்று தமிழில் ஒரு தாளில் எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தராத பிரதிநிதியிடம் எந்த உறுப்பினரும் ஓடிபி சொல்லக் கூடாது.