மறைத்த பெயரும் மறையாத ஏற்றத்தாழ்வும்

சீனப் பேரரசில் அதிகாரிகளைத் தேர்ந்தெடுக்கப் போட்டித் தேர்வு நடந்தது. சூயி அரசமரபு ஏழாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் நிலைபெறச் செய்த அம்முறை, இடையிடையே தடைப்பட்டாலும், 1905 வரை நீடித்தது. பதவியைப் பரம்பரைச் சொத்தாக்கியிருந்த பிரபுக் குடும்பங்களின் பிடி அதனால் தளர்ந்தது.

நடுநிலை காக்க அது கண்ட வழிகள் இன்றும் வியக்கத்தக்கவை. சொங் காலத்தில் விடைத்தாளில் பெயரை மறைத்து ஒட்டினார்கள். கையெழுத்தைக் கொண்டும் ஆளை அறிந்துவிடக் கூடாதென்று, எழுத்தர்கள் படியெடுத்த தாளையே திருத்தக் கொடுத்தார்கள். மிங் காலத்தில், 1397இல், முதலில் தேர்வானவர்கள் எல்லாரும் தெற்கத்தியர்களாக இருந்தது பெரும் சர்ச்சையானது. பின்னர் வட்டாரவாரி ஒதுக்கீடு வந்தது.

தாள் திருத்துவதில் காட்டிய இந்தக் கண்டிப்பு, யார் எழுதலாம், எதை எழுதலாம் என்பதில் இல்லை. பெண்களுக்கு இடமே கிடையாது. நடிகர் குடும்பத்துப் பிள்ளைகளையும் விலக்கினார்கள். உழவர் மகன் எழுதலாம். ஆனால் ஆண்டுக்கணக்கில் உழைக்காமல் உட்கார்ந்து படிக்க அவன் வீட்டில் வசதி வேண்டுமே! பாடமும் சுருங்கியது. 1313ஆம் ஆண்டு ஆணைக்குப் பின் கன்ஃபூசிய நூல்களுக்கு அறிஞர் சூ ஷி எழுதிய உரையே அளவுகோல். மிங், சிங் காலங்களில் ‘எட்டுக்கால் கட்டுரை’ என்ற இறுகிய வடிவம் எண்ணத்துக்கும் விலங்கு பூட்டியது. கணிதத்திலோ தொழில்நுட்பத்திலோ வல்லவனுக்கு இந்த ஏணியில் பெரும்பாலும் படி இல்லை.

தோற்றவர்களை என்ன செய்வதென்றும் அரசு யோசிக்கவில்லை. பலமுறை தோற்ற ஹொங் ஷியூசுவான், சிங் ஆட்சிக்கு எதிரான தைப்பிங் கிளர்ச்சிக்குத் தலைமை ஏற்றார். 1864 வரை நீண்ட அப்போரில் ஏறத்தாழ 2 கோடிப் பேர் மாண்டதாக மதிப்பிடுகிறார்கள். வறுமையும் சீர்கெட்ட ஆட்சியும் அதற்குக் காரணங்கள்தாம். படித்தும் வழியற்றவர்களின் கசப்பு அதற்கொரு தலைவரைத் தந்தது.

அதற்காகத் தேர்வையே ஒழித்தால் நீதி வந்துவிடுமா? நவீனச் சீனத்தில் கலாச்சாரப் புரட்சியின்போது, 1966இல், பல்கலைக்கழக நுழைவுத் தேர்வை நிறுத்தினார்கள். பிறகு பரிந்துரையும் அரசியல் பின்னணியும் இடங்களைத் தீர்மானித்தன. 1977இல் தேர்வு திரும்பியபோது சுமார் 57 லட்சம் பேர் எழுதினார்கள். 3 லட்சத்துக்கும் குறைவானவர்களுக்கே இடம் கிடைத்தது. இருந்தும் அதை விடுதலையாகவே அத்தலைமுறை நினைவுகூர்கிறது. 2024இல் எழுதப் பதிந்தவர்கள் 1.34 கோடிப் பேர். தனிப்பயிற்சிச் சந்தைக்கு 2021இல் அரசு கடிவாளம் போட்டாலும் ஒரே தேர்வை நம்பி நிற்கும் நெருக்கடி தீரவில்லை.

சிபாரிசை விடப் போட்டித் தேர்வு மேலானது, ஐயமில்லை. ஆனால் பெயரை மறைப்பது நீதியின் பாதிதான். படிக்கும் வாய்ப்பைப் பரவலாக்குவதும், முன்னேறப் பல வழிகளைத் திறப்பதும் மறுபாதி. சீனம் முதல் பாதியில் உலகுக்கு முன்னோடி. மறுபாதியில் இன்னும் கடன்பட்டே இருக்கிறது.