நோன்பை மறந்த விருந்து

காஞ்சி மாநகரின் பெருமையைக் கூறப் புகுவோர், கோயிலையும் பட்டையும் அடுத்து இட்டலியைச் சொல்லாமல் விடுவதில்லை. அரிசியும் உளுந்தும் அரைத்த மாவில் மிளகு, சீரகம், சுக்கு, பெருங்காயம், நெய் ஆகியவற்றைச் சேர்த்து, மந்தாரை இலை விரித்த மூங்கில் குடலையில் ஊற்றி, நெடுநேரம் ஆவியில் வேகவைத்து, சின்னக் காஞ்சிபுரத்து வரதராசப் பெருமாளுக்குப் படைப்பர். அதே பெயரில் இன்று உணவகங்களில் டம்ளரில் வெந்த சிற்றிட்டலி கிடைக்கிறது. சுவையில் வேறுபாடு சிறிதே. ஆயினும் முன்னது படையல், பின்னது பலகாரம். இவ்விரண்டுக்கும் இடைப்பட்ட தொலைவைக் கிறிஸ்தவர்களாகிய நாம் எண்ணிப் பார்ப்பது நன்று.

ஏனெனில், பிற சமயத்தாரின் பண்டிகைப் பண்டத்தைச் சுவைத்துவிட்டால் நல்லிணக்கம் மலர்ந்துவிடும் என்ற எண்ணம் நம் மேடைகளிலும் ஏடுகளிலும் பெருகி வருகிறது. உணவு அனைவரையும் இணைக்கிறது என்று எழுதிவிடுவது எளிது. அது எந்த அளவுக்கு உண்மை? இதை உரைத்துப் பார்க்க, நமது திருச்சபையின் வாழ்வில் பிறந்த அயல்நாட்டுப் பலகாரம் ஒன்று உரைகல்லாக அமையும்.

போலந்து நாட்டுக் கத்தோலிக்கர் திருநீற்றுப் புதனுக்கு முந்திய வியாழனைக் 'கொழுப்பு வியாழன்' என்று அழைக்கின்றனர். முற்காலத்தில் தவக்காலம் முழுவதும் இறைச்சி மட்டுமன்றிக் கொழுப்பும் முட்டையும் பாலும்கூட விலக்கப்பட்டிருந்தன. எனவே வீட்டில் எஞ்சியவற்றை வீணாக்காமல் தீர்க்க, அவற்றை மாவில் பிசைந்து, பிளம் பழப் பாகையோ ரோசாப் பாகையோ உள்ளே வைத்து, பன்றிக் கொழுப்பில் பொரித்து உண்டனர். இதுவே 'பொன்ச்கி' எனும் பணியாரம். நோன்பின் வாசலில் நின்று உண்ணப்பட்ட விருந்து அது.

பிழைப்புத் தேடி அமெரிக்காவுக்குச் சென்ற போலந்து மக்கள் இவ்வழக்கத்தையும் உடன் கொண்டு சென்றனர். டெட்ராய்ட் நகரின் நடுவே அமைந்த ஹாம்ட்ராமிக் என்னும் சிற்றூர், மோட்டார்த் தொழிற்சாலையை நம்பி வந்த போலந்துத் தொழிலாளரால் வளர்ந்தது. 1987இல் திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுலே அங்கு சென்று தம் இனத்தாரைச் சந்தித்தார். அதற்கு முன்பே, 1980இல், டாட்ஜ் தொழிற்சாலை மூடப்பட்டிருந்தது. போலந்துக் குடும்பங்கள் பல வெளியேற, ஏமன், வங்கதேச நாட்டு இசுலாமியர் பலர் குடியேறினர். இன்றும் திருநீற்றுப் புதனுக்கு முந்திய செவ்வாயன்று அவ்வூர் அடுமனைகளின் முன் விடியலிலேயே மக்கள் வரிசையில் நிற்கின்றனர். பல்லினத்தார் கூடி வாழும் ஊரின் திருவிழா என்று அது போற்றப்படுகிறது.

போற்றுதலுக்குரியதுதான். ஆயினும் அதே ஊரில், 2004ஆம் ஆண்டு, பள்ளிவாசலின் தொழுகை அழைப்பை ஒலிபெருக்கியில் ஒலிக்கலாமா என்று கடும் சச்சரவு மூண்டது. வாக்கெடுப்பு வரை சென்ற பின்னரே அனுமதி நிலைபெற்றது. பணியாரத்திற்கு நிற்கும் வரிசை அந்தச் சச்சரவைத் தடுக்கவில்லை. அன்றியும், பன்றிக் கொழுப்பில் பொரித்த பண்டத்தை உண்ணாமல் விலகும் இசுலாமிய அண்டை வீட்டார் விழாவுக்குப் பகைவரா? உண்பதையே இணக்கத்தின் அளவுகோலாகக் கொள்வோமாயின், அவரைப் பகைவர் என்றே சொல்ல நேரும். குறை பலகாரத்தில் இல்லை, அளவுகோலில் உள்ளது.

நம் தமிழகத்துப் பள்ளிவாசல்களில் ரமலான் மாலைகளில் வழங்கப்படும் கஞ்சியைக் காண்போம். தூக்குச்சட்டியோடு சென்று வாங்கி வருவோரில் பிற சமயத்தாரும் உண்டு. அதன் பெயரே நோன்புக் கஞ்சி. ஒரு பகல் முழுவதும் நீரும் அருந்தாதிருந்தவரின் பசி அப்பெயரில் அடங்கியிருக்கிறது. வாங்குகிறவர் கஞ்சியோடு அந்நோன்பையும் அறிந்துகொள்கிறார். ஏகாதசியன்று பட்டினி கிடந்து, மறுநாள் துவாதசிப் பாரணை செய்யும் வைணவ அன்பருக்கும் இது புதிதன்று.

ஆனால் நம்மைப் பற்றி நம் அண்டை வீட்டார் அறிந்தது என்ன? கிறிஸ்து பிறப்பு நாளில் தட்டில் வைத்து அனுப்பும் கேக்கும் முறுக்கும் அதிரசமுமே. நாற்பது நாள் தவக்காலம் ஒன்று நமக்கு உண்டென்று அவர்கள் அறியும்படி நாம் வாழ்கிறோமா?

தூய பவுலடியார் கொரிந்தியருக்கு எழுதிய முதல் மடலில் படையல் உணவைப் பற்றி விரிவாக ஆராய்கிறார். அவர் தரும் தீர்ப்பின் சாரம் உணவைவிட உடன்பிறப்பின் மனச்சான்றே பெரிது என்பதாகும். அழைத்தவர் வைப்பதை ஐயுறாது உண்ணலாம் என்கிறார். ஆயின் படையல் என்று அறிவிக்கப்பட்டால், அறிவித்தவரின் மனச்சான்றை முன்னிட்டு உண்ண வேண்டாம் என்றும் கூறுகிறார். காஞ்சியில் வாழும் கத்தோலிக்கருக்கு இது ஏட்டுச் சுரைக்காய் அன்று. எதிர்வீட்டார் கோயில் பிரசாதத்தை அன்போடு நீட்டும்போது, மனம் தயங்கும் கிறிஸ்தவரைக் குறுகிய நெஞ்சினர் என இகழ்வது தகாது. நம் வீட்டுத் திருவிழா விருந்தில் இறைச்சியைத் தொடாத சைவ அன்பரை நாம் இகழ்வோமா? நீட்டிய கையின் அன்பையும் மறுத்த கையின் பற்றுறுதியையும் ஒருங்கே மதிக்கும் தெருவில்தான் நல்லிணக்கம் குடியிருக்கிறது.

எனவே வரும் தவக்காலத்தில் அண்டை வீட்டாருக்கு நாம் அனுப்ப ஒன்று உண்டு. நம் உலையில் ஒருவேளை குறைத்த அரிசி, பசித்தவர் இல்லத்திற்குச் செல்லட்டும். காரணம் கேட்பாராயின், நோன்பு என்று சொல்வோம். அதன்பின் வரும் உயிர்ப்புப் பெருவிழாவில் நாம் அனுப்பும் இனிப்பின் பொருள் அவர்களுக்குத் தானே விளங்கும்.