பின்னோக்கிப் பாராத இரக்கம்

இலங்கையிற் சட்டம் படித்தோர் லியனகே வழக்கை மறந்திருக்க மாட்டார்கள். 1962 ஜனவரியில் தோற்றுப்போன சதிப்புரட்சியின் பின், கைதானவர்களைத் தண்டிப்பதற்கென்றே பாராளுமன்றம் ஒரு சட்டத்தை எழுதியது. நடந்து முடிந்த செயலுக்கு, பிறகு பிறந்த சட்டத்தின்படி ஆகக் குறைந்தது 10 வருட மறியல். 1965 இல் பிரிவிக் கவுன்சில் அத்தீர்ப்பை ரத்துச் செய்தது. தண்டனையைக் கூட்டும் சட்டம் பின்னோக்கிப் பாயக்கூடாது என்பதில் எம்மில் எவருக்கும் கருத்து வேறுபாடில்லை. குறைக்கும் சட்டம் பாயவேண்டுமா? இதைப் பற்றி ரொறன்ரோவில் நாம் பேசுவதேயில்லை.

கனடாவின் 1982 உரிமைச் சாசனம் பாதிவழி வருகிறது. குற்றம் புரிந்த நாளுக்கும் தண்டனை விதிக்கும் நாளுக்குமிடையில் தண்டனை மாறியிருந்தால், குறைந்ததே எதிரிக்கு உரியது. இடையில் வந்து போன சலுகை கணக்கில் இல்லை. அந்த இரு நாட்களை மட்டுமே ஒப்பிடலாம் என்று 2019 இல் பூலான் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. தண்டனை விதித்த பிறகு சட்டம் இளகினால் சாசனத்தின் இந்த வாசகத்தில் இடமில்லை.

2022 நவம்பரில் நிறைவேறிய சி-5 சட்டத்தை எடுத்துக்கொள்வோம். போதைப்பொருட் குற்றங்களுக்கான கட்டாயக் குறைந்தபட்சத் தண்டனைகளை அது நீக்கியது. 2012 இல் கன்சர்வேற்றிவ் அரசு பல குற்றங்களுக்கு அடைத்துவிட்ட நிபந்தனைத் தண்டனையை, அதாவது வீட்டிலிருந்தே அனுபவிக்கும் தண்டனையை, மீண்டும் திறந்துவிட்டது. பழைய விதிகள் கறுப்பின மக்களையும் பூர்வகுடிகளையும் அளவுக்கு மீறி வதைத்தன என்று அரசே ஒப்புக்கொண்டது. ஆனால் அவ்விதிகளின்படி ஏற்கெனவே உள்ளே போனவர்களின் தண்டனையை மீளப் பார்க்க அச்சட்டத்தில் ஒரு வழியும் வைக்கப்படவில்லை. விதி பிழையென்றால் அது விளைவித்த தண்டனை மட்டும் எப்படிச் சரியாகும்?

பிரஜாவுரிமை பெறாதவருக்கு இது வெறும் மாதக் கணக்கல்ல. 2013 இலிருந்து, 6 மாதமோ அதற்கு மேலோ மறியற் தண்டனை பெற்ற நிரந்தரவாசி நாடுகடத்தலுக்கெதிராகக் குடிவரவு மேன்முறையீட்டுப் பிரிவுக்குப் போக முடியாது. நிபந்தனைத் தண்டனை இந்தச் சட்டத்தின் கண்ணில் மறியல் அல்ல என 2017 இல் ட்ரான் வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்த்தது. இரண்டையும் சேர்த்துப் பாருங்கள். 2015 இல் வேறு வழியின்றி நீதிபதி உள்ளே அனுப்பிய ஸ்காபரோ இளைஞனுக்கு மேன்முறையீடே இல்லை. அதே குற்றத்துக்கு 2023 இல் வீட்டில் வைக்கப்பட்டவனுக்கு அது உண்டு.

தீர்ப்புக்கு ஒரு முடிவு வேண்டும், பழைய கோப்புகளையெல்லாம் கிளறினால் நீதிமன்றம் தாங்காது என்பார்கள். தண்டிப்பதிற் பேர்போன அமெரிக்காவே கிளறியது. 2014 இல் போதைப்பொருள் தண்டனை வழிகாட்டிகளைத் தளர்த்திய அந்நாட்டு ஆணைக்குழு, அத்தளர்வைப் பழைய கைதிகளுக்கும் நீட்டியது. கிராக் கொக்கெயின் பற்றிய 2010 ஆம் ஆண்டுச் சட்டத்துக்கும் 2018 இல் அவ்வாறே செய்யப்பட்டது. ஆயிரக்கணக்கானோரின் தண்டனை குறைந்தது. நீதிமன்றங்கள் இடிந்து விழவில்லை.

எமது கூட்டங்களில் பயங்கரவாதத் தடைச்சட்டக் கைதிகளுக்காகக் குரல் எழுகிறது, எழவேண்டும். இங்குள்ள மறியற்காரன் என்றதும் "எங்கட மானத்தை வாங்கினவன்" என்று முகத்தைத் திருப்பிக்கொள்கிறோம். தண்டனை இளகும்போது முன்னர் தண்டிக்கப்பட்டவரும் மறுபரிசீலனை கோரலாம் என்ற ஒரு வாசகத்தைப் பாராளுமன்றம் சேர்க்கலாம். முதலில் நாடுகடத்தலை எதிர்நோக்குவோருக்காவது சேர்க்கலாம். எமது வாக்குக் கேட்டு வரும் உறுப்பினர்களிடம் இதை யாரும் இன்னும் கேட்டதாகத் தெரியவில்லை.