பெட்டியில் நிற்காத பாட்டு

கணினி ஒலிகளின் பளபளப்பில் சலித்துப்போனவர்களிடமிருந்து பழைய வாதம் ஒன்று மறுபடி கிளம்பியிருக்கிறது. டெமோ எடுக்குமுன் மெட்டை ஆர்மோனியத்தோடு பாடிப் பார்க்க வேண்டுமாம்; பெட்டியில் நிற்காத பாட்டு எந்த ஸ்டுடியோவிலும் நிற்காதாம். அன்பிளக்டு மேடைகளும் இதற்குத் தலையாட்டுகின்றன.

நியாயம் இல்லாமல் இல்லை. சத்தத்தை மெட்டென்று நம்பிப் பணத்தைக் கொட்டுவதை இந்தச் சோதனை தடுக்கும். இளையராஜா மேசையில் தாளம் தட்டிப் பாடியதைக் கேட்டே பஞ்சு அருணாசலம் ‘அன்னக்கிளி’யைக் (1976) கொடுத்தார் என்ற கதை ஊரறிந்தது.

ஆனால் பெட்டி அளப்பது மெட்டை மட்டும்தான். ‘காதலன்’ (1994) படத்தின் ‘பேட்டை ராப்’புக்கு எந்தக் கட்டையை அழுத்துவது? அது விதிவிலக்கு என்பார்கள். சரி, ‘திருடா திருடா’வின் (1993) ‘ராசாத்தி’யை எடுத்துக்கொள்வோம். வாத்தியமே கிடையாது, குரல்கள்தாம். பெட்டிக்காரர்களுக்கு இதைவிடத் தோதான பாட்டு அமையாது. ஷாகுல் ஹமீதின் குரலுக்குப் பின்னால் அடுக்கடுக்காக எழும் கோரஸை ஒற்றை ஆளாகப் பாடிக் காட்டட்டும், பார்க்கலாம். மிஞ்சுவது நல்ல நாட்டுப்புற மெட்டு ஒன்று. அந்தப் பாட்டு அல்ல. போகட்டும், மெட்டையாவது பெட்டி ஒழுங்காகக் காட்டுகிறதா? கமகம் பேசாத அந்தக் கட்டைகளைப் பாரதியே கரித்துக்கொட்டியிருக்கிறார். 1940இல் அகில இந்திய வானொலி ஆர்மோனியத்துக்குத் தடையே போட்டது.

பாடிக் காட்டுபவர் யார் என்பது வேறு இருக்கிறது. குரல்வளம் உள்ளவர் பாடினால் சப்பை மெட்டும் தேறிவிடும். கட்டைக்குரல் இசையமைப்பாளர் கூச்சத்தோடு முனகினால் நல்லதும் அடிபடும். எனக்கு நெடுநாளாக உறுத்துவது இதற்கும் மேலான ஒன்று. பெட்டியில் தோற்ற பாட்டு பதிவாவதில்லை. பதிவாகாத பாட்டு எப்படி வந்திருக்கும் என்று யாருக்குத் தெரியும்? தோற்றதையெல்லாம் புதைத்துவிட்டு, “பார்த்தீர்களா, ஜெயித்ததெல்லாம் பெட்டியில் தேறியவைதான்” என்று மார்தட்டுவது என்ன கணக்கு? தானே கேள்வித்தாள் தயாரித்து, தானே திருத்தி, தவறியவர்களைப் பட்டியலிலிருந்தும் அடித்துவிடுகிற வாத்தியாரின் நூறு சதவீதத் தேர்ச்சி இது. இப்படி அடிபடுவது பெரும்பாலும் தாளத்தாலும் பேச்சாலும் நடக்கிற பாட்டுதான், கானா மாதிரி. ராகத்தில் ஊறிய காதுக்கு அதில் ‘ஒன்றுமே இல்லை’.

முழு இசைக்குழுவுக்கும் கால்ஷீட் கொடுத்து உட்காரவைத்தால்தான் பாட்டைக் காதால் கேட்க முடியும் என்றிருந்த காலத்தில் பெட்டியோடு முடிவெடுத்தார்கள். அன்றைய சிக்கனம் அது. ஒரு லேப்டாப்பில் பேஸும் ட்ரம் லூப்பும் போட்டு மாலைக்குள் கேட்டுவிடலாம் என்கிற இன்றும் அதையே அழகியல் கொள்கையாக்கிப் பிரசங்கம் செய்வது வெறும் பிடிவாதம்.