மாசிப் பனியும் பங்குனி வெயிலும்

தேனிப் பக்கம் ஊர் பார்க்க வருகிறவர்கள் பெரும்பாலும் ஆனி, ஆடிச் சாரலுக்குத்தான் வருவார்கள். சுருளியில் தண்ணீர் கொட்ட வேண்டும், கும்பக்கரையில் குளிக்க வேண்டும், மேகமலையில் பேருக்கேற்ற மேகம் இருக்க வேண்டும். மாசியில் வந்தால் அருவியில் பாறைதான் கூடுதலாகத் தெரியும். மேகமும் பாதி நாள் விடுப்பில் போய்விடும். "இப்ப எதுக்கு வந்தீக?" என்று உள்ளூர்க்காரர்களே கேட்பார்கள். என்னைக் கேட்டால், இந்தச் சீமையின் வெயிலையும் குளிரையும் ருசிக்க மாசிக் கடைசியும் பங்குனி முற்பாதியும்தான் சமயம்.

வடக்கே பழனி மலை, மேற்கே போடி மலையும் கம்பம் மெட்டும், தெற்கே வருசநாடும் மேகமலையும். கிழக்கே ஆண்டிபட்டிப் பக்கம் போகப் போக வானம் பார்த்த பூமி. தென்மேற்குப் பருவமழையில் பெரும்பங்கை மலை கேரளத்துப் பக்கமே இறக்கிவிடும். வடகிழக்குப் பருவமழையும் மார்கழியோடு ஓய்ந்திருக்கும். மாசியில் காற்றில் ஈரம் குறைவு, வானில் மேகம் குறைவு. ஈரமில்லாத இடம் சீக்கிரம் சுடும், சீக்கிரம் ஆறும். அதனால்தான் விடியலில் பல் கிட்டிப்போகும் அதே தெருவில் மதியம் செருப்பில்லாமல் நடக்க முடிவதில்லை. ஏட்டுக் கணக்கில் மாசியும் பங்குனியும் பின்பனி, இளவேனில் சித்திரையில்தான். போடி அடிவாரத்திலோ இரண்டும் ஒரே நாளில் வந்து போகும்.

தைப் பனி தரையைத் துளைக்கும், மாசிப் பனி மச்சைத் துளைக்கும் என்பார்கள். மேகப் போர்வை இல்லாத இரவில் தரை தன் சூட்டையெல்லாம் வானத்துக்கு விட்டுவிடுகிறது. தரையை ஒட்டிய காற்று குளிர்ந்து, கனத்து, மலைச்சரிவு வழியே பள்ளத்துக்கு இறங்கித் தேங்குகிறது. மேலே போகப் போகக் குளிரும் என்ற பள்ளிக்கூடப் பாடம் இந்த விடியல்களில் செல்லாது. போடியிலிருந்து முந்தலுக்குப் பைக்கில் போய்ப் பாருங்கள். கண்மாய்க் கரையைத் தாண்டும்போது காது மடல் வலிக்கும். முந்தல் சோதனைச் சாவடியைக் கடந்து மலைப்பாதையில் ஏறத் தொடங்கி, சில கொண்டை ஊசி வளைவுகள் போனதும் வெதுவெதுப்பான காற்று முகத்தில் வந்து படும். இன்னும் ஏறினால் திரும்பவும் குளிர். மலைக்கு இடுப்பில் மட்டும் சூடு! கீழே திரும்பிப் பார்த்தால் ஊரின் அடுப்புப் புகை நேராக எழும்பி, ஏதோ கூரையில் முட்டிக்கொண்டது போல ஓர் உயரத்தில் படுக்கைவசமாகப் பரவி நிற்கும். அந்த உயரத்தில்தான் குளிர்ந்த காற்று முடிந்து வெதுவெதுப்பு தொடங்குகிறது.

அந்த நேரத்தில் எதிர்ப்படுவது ஏலத்தோட்டத்துக்கு ஆள் ஏற்றிப் போகும் ஜீப்புகள். பெண்கள் சேலைக்கு மேலே ஆம்பிளைச் சட்டை போட்டு, தலையில் துண்டைச் சுற்றி, தூக்குவாளியை மடியில் வைத்துக்கொண்டு நெருக்கி உட்கார்ந்திருப்பார்கள். "சிவராத்திரி வரட்டும் தம்பி, பனி சிவசிவான்னு போயிரும்" என்றார் ஓர் அம்மா. சிவராத்திரி கழிந்த மறுவாரமும் அவர் உடம்பில் அதே சட்டை. "மேல வேணும்ல" என்றார். சாயங்காலம் ஜீப் இறங்கும்போது எல்லாச் சட்டையும் பைக்குள் போயிருக்கும்.

இங்கே வெளிச்சத்தின் போக்கே தனி. சூரியன் சமவெளிப் பக்கம் எழுவதால் முதல் வெயில் ஊருக்கு விழாது, மேற்கு மலையின் உச்சிப் பாறைக்கு விழும். அங்கிருந்து புல்வெளி, சோலை, முட்புதர் என்று படிப்படியாக இறங்கி, கடைசியில்தான் தெருவுக்கு வரும். மாலையில் போடியில் பொழுது இரண்டு தடவை அடையும். முதலில் சூரியன் மலைக்குப் பின்னால் போய்விடும். மலை நிழல் ஊரைத் தாண்டிக் கிழக்கே ஓடும். நாம் நிழலில் நிற்க, தூரத்துக் கரடுகளில் மட்டும் மஞ்சள் வெயில் மிச்சமிருக்கும். நிஜ அந்தி அதற்கப்புறம் சாவகாசமாக வரும்.

மரங்களில் நான் அதிக நேரம் நின்று பார்ப்பது இலவ மரத்தை. போடிக்கு ஏலக்காய் போலவே இலவம்பஞ்சும் பேர் வாங்கிக்கொடுத்தது. மாசியில் இலை கொட்டிய மரத்தில் காய்கள் மட்டும் தொங்கும். பங்குனி வெயிலில் அவை முற்றி வெடிக்க, மிளகளவு கறுப்பு விதையோடு பஞ்சு பிதுங்கும். காலையில் அந்தப் பஞ்சு பனியில் நனைந்து வேலி முள்ளில் ஒட்டிக் கிடக்கும். ஒன்பது மணி வாக்கில் ஓரம் உலர்ந்து சிலிர்க்கும். வெயில் ஏறியதும் முள்ளை விட்டுக் கழன்று, அவசரமில்லாமல் மலைப் பக்கம் போகத் தொடங்கும். பகலில் சூடேறிய சரிவு காற்றை மேலே இழுக்கிறது, ராத்திரி குளிர்ந்த சரிவு அதைக் கீழே தள்ளுகிறது. கண்ணுக்குத் தெரியாத இந்தப் போக்குவரத்தைப் பார்க்க இலவம்பஞ்சைவிட நல்ல கருவி எனக்குத் தெரியவில்லை.

பெரியகுளத்து மாந்தோப்புகளில் ஒரே கொத்தில் பூவும் பிஞ்சும் இருக்கும். இந்தச் சமயத்தில் மேகம் மூடினால் தோப்புக்காரருக்கு வயிற்றைக் கலக்கும். மந்தாரத்தில் தத்துப்பூச்சியும் சாம்பல் நோயும் பூவைத் தின்றுவிடும். வெயில் அடிக்கட்டும் என்று வேண்டிக்கொள்ளும் சம்சாரியை இங்கேதான் பார்க்கலாம். சாலையோரம் புளி உலுக்குவார்கள். புங்கமரம் மட்டும் யாரையும் எதிர்பார்க்காமல், மழையே இல்லாத மாதத்தில் எண்ணெய் பூசிய பளபளப்போடு புதுத்தளிர் விடும்.

மதியம் பற்றிச் சொல்ல அதிகமில்லை. அனல், கானல், உழுத கரிசலிலும் செம்மண்ணிலும் எழும்பி அடங்கும் சூறைக்காற்று. மூன்று மணிக்கு மேல்தான் மறுபடி கவனிக்க விஷயம் இருக்கிறது. தமிழ்நாட்டுப் பக்கமும் கேரளப் பக்கமும் இருந்து ஏறிய காற்று முகட்டில் சந்தித்து மேகம் கட்டும். சில நாள் மழை கால் இறங்குவது கண்ணுக்கு நன்றாகத் தெரியும், ஆனால் தரையைத் தொடாது. வறண்ட காற்று அதைப் பாதி வழியிலேயே குடித்துவிடும். குளிர்ந்த ஒரு வீச்சும், எங்கோ நனைந்த மண்ணின் வாசனையும்தான் நமக்கு. ஏமாற்றம் என்று சொல்வார்கள், எனக்கு அதுவே போதும். பழனி மலையில் தாண்டிக்குடி, பண்ணைக்காடு பக்கம் அந்த மழை நிஜமாகவே விழுந்தால், எட்டுப் பத்து நாளில் காப்பிச் செடி முழுக்க ஒரே சமயத்தில் வெள்ளையாகப் பூத்துவிடும். மல்லிகையை ஒத்த மணம். இரண்டு மூன்று நாளில் பூ வாடிவிடும்.

இருட்டிய பிறகு மலையில் சிவப்புக் கோடு ஒன்று வளைந்து வளைந்து தெரியும் இரவுகளும் உண்டு. அதை அழகு என்று எழுத எனக்குக் கை வராது. 2018 மார்ச் 11 அன்று குரங்கணிக் காட்டுத்தீயில் மலையேறப் போனவர்கள் மாண்டது இதே பருவத்தில்தான். காய்ந்த புல், ஈரமற்ற காற்று, பகலில் மேலேறும் அதன் போக்கு. பஞ்சை மிதக்கவிடும் அதே சங்கதிகள்தான் தீயையும் ஏற்றிவிடுகின்றன.

வருகிறவர்கள் பங்குனி உத்திரத்தை ஒட்டி வந்துவிடுங்கள், சித்திரை பிறந்தால் விடியல் குளிரும் போய்விடும். 2023 ஜூனிலிருந்து ரயில் திரும்பவும் போடி வரை வருகிறது. ஆண்டிபட்டிக் கணவாய் தாண்டியதும் தூங்காமல் மேற்கே பாருங்கள். காலைக்கு ஒரு ஸ்வெட்டர், மதியத்துக்கு ஒரு குடை போதும். காட்டுக்குள் போக வேண்டாம், அடிவாரத்தில் நின்றாலே எல்லாம் தெரியும். பீடி, சிகரெட் பழக்கமுள்ளவர்கள் தீப்பெட்டியை ஊரிலேயே வைத்துவிட்டு வாருங்கள்.